கொடுத்த வாக்கும் சூளைக் கடனும்

திருவாலங்காடு என்றதும் தமிழர் நெஞ்சில் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, இரத்தின சபையில் இறைவன் ஆடிய ஊர்த்துவ தாண்டவம். மற்றொன்று, அண்டையிலுள்ள பழையனூரின் கதை. நீலிக்கு அஞ்சிய வணிகனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டதும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினர் என்பர்.

அக்கதை வழங்கும் திருவள்ளூர் ஜில்லாவில் பிணை என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் பெற்ற ஏழைக் குடும்பம், அது தீரும்வரை வேறிடம் செல்லலாகாது. கூலியில் பிடித்தம் நடக்கும். கணக்கோ முதலாளியின் கையில். இருளர் குடும்பங்கள் பல இவ்வாறு அகப்பட்டன. 2011-ஆம் வருஷத்தில் இந்த ஜில்லாவின் ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ஒடியத் தொழிலாளர் மீட்கப்பட்டனர்.

இத்தகையோருக்கு எவ்வாறு உதவுவது? அரிசியும் துணியும் அளிப்பது நல்ல காரியமே. ஆனால் அரிசி தீர்ந்ததும் மேஸ்திரி அடுத்த முன்பணத்துடன் வாசலில் நிற்பான். ஆகவே, அவர்களுக்குச் சட்டப்படி என்ன பாத்தியதை உண்டு, அதைச் செலுத்த வேண்டியவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 1986-இல் வளர்ச்சியையே மனித உரிமை எனப் பிரகடனம் செய்தது. 2003-இல் அதன் ஸ்தாபனங்கள், உரிமை உடையவரையும் கடமைப்பட்டவரையும் கண்டறிந்து இருவரையும் வலுப்படுத்துவதே உதவிப் பணியின் நெறி என்று உடன்பட்டன.

நம் நாட்டில் அதற்கு ஆதாரம் முன்னரே உண்டு. அரசியல் சட்டத்தின் 23-ஆவது ஷரத்து கட்டாய வேலையைத் தடுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய வேலையே என்று 1982-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அத்தகைய கடன் அடியோடு அற்றுப்போகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்லவென்று நிரூபிக்கும் பாரமும் கடன் கொடுத்தவனையே சேர்ந்தது. ஜில்லா தோறும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். அதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும். தங்களைப் பற்றிய காரியத்தில் தாங்களே பேசுவதற்காக ஏற்பட்ட இடம் அது. 2016-ஆம் வருஷத்துத் திட்டம் மறுவாழ்வுக்கென ஆணுக்கு 1 லட்சமும், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சமும், கொடுமை மிக்க நிலையில் 3 லட்சமும் வகுத்தது.

ஆகவே, தொண்டு செய்யப் புகுவோர் எத்தனை மூட்டை வழங்கினோம் என்று எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. விடுதலைச் சான்று கைக்கு வந்ததா? குழு கூடியதா? கல் அறுக்கும் பெற்றோரின் பிள்ளைகள் படிக்கிறார்களா? இந்த ஜில்லாவின் சூளைகளருகே ஒடிய மொழிப் புத்தகங்களைத் தருவித்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பிள்ளையின் மொழியைத் தேடிச் சென்ற அம்முயற்சி மெச்சத்தக்கது.

நேயர்களே, சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எழும் வீடுகளுக்கு இந்தச் சூளைகளின் கல் வருகிறது. வீடு கட்டும்போது கல்லின் விலையை விசாரிக்கிறோம். அறுத்தவருக்குக் கூலி முறையாகக் கிடைத்ததா என்றும் விசாரிப்போமாக. பழையனூரார் ஒரு வழிப்போக்கனுக்குச் சொன்ன சொல்லைக் காத்தனர் என்று பெருமை பேசும் நாம், 1976-இல் இத்தேசம் தன் ஏழைகளுக்குச் சொன்ன சொல் எவ்வளவில் நிறைவேறியது என்று சர்க்காரைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.