கைத்தறி என்ற பெயருக்குக் காவல் வேண்டும்

ஆம்பூரும் பேரணாம்பட்டும் தோலுக்குப் பெயர்பெற்றவை. அவற்றின் பக்கத்திலேயே இருக்கும் குடியாத்தமோ தறியை நம்பி வளர்ந்த ஊர். குடியாத்தம் லுங்கி என்றாலே வாங்குபவர் மனதில் எழுவது கைத்தறிதான். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி, விசைத்தறியில் ஓடிய லுங்கியை ‘அசல் கைத்தறி’ என்று எவர் விற்றாலும், அதைச் சின்ன வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிட முடியாது. கையால் நெய்பவரின் கூலி அந்த ஒரு பெயரை நம்பித்தான் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி முதலில் 22 ரகங்கள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டன. அந்தச் சட்டம் செல்லும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பின்னர் பட்டியல் 11 ஆகச் சுருங்கியபோதும் லுங்கி அதில் நின்றது. ஆனாலும் விசைத்தறியில் லுங்கி ஓடுவது ஊரறிந்த விஷயம். விசைத்தறிக்குப் போட்ட அந்தத் தடை தோற்றுப்போன இடத்தில் பெயரையாவது காப்பாற்ற வேண்டாமா? 2006-ல் வந்த கைத்தறி முத்திரை, விருப்பப்பட்டவர் பெற்றுக்கொள்வது, கட்டாயம் கிடையாது. கதருக்கு அப்படியல்ல. 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, முத்திரை இல்லாத துணியைக் கதர் என்று விற்கவே கூடாது. கையால் நூற்று நெய்ததற்கு இருக்கும் இந்தக் காவல், மில் நூலைக் கையால் நெய்ததற்கு மட்டும் ஏன் இல்லை?

துணி நன்றாக இருந்தால் போதும், எந்தத் தறி என்று யார் பார்க்கிறார்கள் என்பார்கள். குழித்தறியில் உட்கார்ந்தவர் மிதியை அழுத்தி, நாடாவை ஓட்டி, ஒவ்வொரு ஊடை இழையையும் தன் கைவேகத்தால் அடித்துச் சேர்க்கிறார். காலையில் விழும் அடி அந்தியில் விழுவதில்லை. அதனால் இழை நெருக்கத்தில் மெல்லிய ஏற்ற இறக்கம் இருக்கும். விசைத்தறித் துணியோ ஒரே சீராக வரும். ஆனால் மடித்து உறைக்குள் வைத்த லுங்கியில் இதை யார் பிரித்துப் பார்ப்பது? கண்ணால் கண்டுபிடிக்க முடியாததற்குத்தான் வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கிறார். சீட்டு பொய் சொன்னால் அவருக்கு வேறு சாட்சி இல்லை.

விசைத்தறிக்காரரும் ஏழைதானே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. கடன் வாங்கித் தறி போட்டவர், கூலிக்குத் தறி ஓட்டுபவர் என்று அங்கேயும் ஆயிரம் கஷ்டம். அவர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. பொங்கலுக்கு வழங்கும் இலவச வேட்டி சேலையை அரசே விசைத்தறியிலும் நெய்து வாங்குகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. விசைத்தறி லுங்கியும் அதேபோல் தன் சொந்தப் பெயரில், மலிவு என்ற தன் பலத்தில் விற்கட்டும். கைத்தறிக்கு முத்திரையைக் கட்டாயமாக்கும்போது அதன் செலவை நெசவாளர் தலையில் கட்டாமல் அரசு ஏற்க வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரி தறியடிக்குப் போய் நெசவாளரை மிரட்ட வேண்டியதில்லை. மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போகட்டும். துணி மடிக்கப்பட்டுச் சீட்டு ஒட்டப்படுவது அங்கேதான்.