உங்கள் படகு எதைச் சுமக்கும்?

மாணவர்களே, பள்ளிச் செயல்திட்டத்துக்குத் தொலைக்கட்டுப்பாட்டுப் படகு செய்யப் போகிறீர்களா? ‘இலேசாக இருக்க வேண்டும், வேகமாக ஓட வேண்டும்’ என்றுதான் பல குழுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: உங்கள் படகு எதைச் சுமக்கப் போகிறது? இதற்கு விடை தெரியாமல் எடையைக் குறைப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

வானொலி அலையால் படகை இயக்கலாம் என்று 1898-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் செய்து காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவருக்கு 613,809 என்ற எண் கொண்ட அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இத்தகைய படகுகள் கடிதம், பொட்டலம், உணவு, கருவிகள் ஆகியவற்றை ஏற்றிச் செல்லலாம், மனிதர் எளிதில் போக முடியாத இடங்களையும் ஆராயலாம் என்று அதில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். படகோடு அதற்கான வேலையையும் சேர்த்தே யோசித்தார்.

நம் ஊரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆறு, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கடலுக்குப் போகும் குப்பையைத் தடுக்க, ‘தி ஓஷன் கிளீனப்’ என்ற டச்சு அமைப்பின் ‘இண்டர்செப்டர்’ கலம் 2019-ஆம் ஆண்டில் இந்த ஆற்றில் நிறுத்தப்பட்டது. சூரிய சக்தியில் இயங்கும் அந்தக் கலம் வேகமாக ஓடுவதில்லை. நங்கூரமிட்டு ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் உடல் இரண்டாகப் பிரிந்திருப்பதால் நீரோட்டம் நடுவே புகுந்து குப்பையை வார்ப்பட்டையின் மேல் கொண்டு சேர்க்கிறது. இரட்டை உடல் கொண்ட கலங்களை ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்கிறார்கள். அது நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். வேலை என்னவென்று முடிவான பிறகே வடிவம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் படகுக்கு வருவோம். 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட ஒரு பெட்டி வடிவப் படகு என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு 300 சதுர செ.மீ. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். 1 கன செ.மீ. நீரின் எடை 1 கிராம். ஆகவே, நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு 30 கிராமுக்கும் இந்தப் படகு 1 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். 2 செ.மீ.க்கு மேல் மூழ்கக் கூடாது என்று முடிவு செய்தால், மொத்த எடை 600 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த 600 கிராம்தான் உங்கள் சம்பளப் பணம். எதற்கு எவ்வளவு செலவு செய்வது என்று இப்போதே பட்டியல் போடுங்கள்.

உடலை 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் செய்தால் ஏறக்குறைய 125 கிராம் போய்விடும். அதே தடிப்பில் பால்சா மரம் என்றால் சுமார் 35 கிராம். மின்சாதனப் பெட்டிகளில் வரும் பாலிஸ்டிரின் 1 செ.மீ. தடிப்பில் இருந்தாலும் 20 கிராம் அளவுதான். மிச்சமான 100 கிராமில் நான்கு ‘ஏஏ’ மின்கலன்களை ஏற்றிவிடலாம். பாலிஸ்டிரினைச் சில பசைகள் கரைத்துவிடும். முதலில் ஒரு துண்டில் பூசிப் பாருங்கள். வெளிப்புறம் முழுவதும் நாடா ஒட்டுங்கள். அதன் மணிகள் உதிர்ந்து கால்வாய்க்குப் போனால், நம் படகே ஆற்றுக்குக் குப்பையாகிவிடும்.

இலேசாக இருப்பது மட்டும் போதுமா? போதாது. மிக இலேசான படகைத் தித்திவங்சா ஏரியில் விட்டுப் பாருங்கள். காற்று அதைத் தன் விருப்பத்துக்கு இழுத்துப் போகும். கனமான மின்கலன்களை மேலே வைத்தால் திரும்பும்போது கவிழும். அவற்றை அடித்தளத்தில், நடுவில் வையுங்கள். படகின் முன்பக்கம் தாழ்ந்தால் சற்றுப் பின்னால் நகர்த்துங்கள். ரிசீவரின் அலைவாங்கி மட்டும் மேலே இருக்கட்டும். இன்றைய ரிமோட்டுகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் எளிதில் உறிஞ்சிவிடும்.

மோட்டார் வாங்கும் முன்பே சோதனை செய்யலாம். 100 மில்லிலிட்டர் நீர் 100 கிராம் என்பதால், சிறு புட்டிகளில் நீரை அளந்து ஊற்றி, வெற்றுப் படகில் அடுக்கி, வாளியிலோ குளியல் தொட்டியிலோ மிதக்க விடுங்கள். கணக்கில் வந்த ஆழமும் அளந்த ஆழமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் காரணத்தைத் தேடுங்கள். அந்தத் தேடல்தான் அறிவியல். பிறகு ஏரிக்குப் போவதென்றால் ஆசிரியரோடு போங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம்.

போட்டி என்றால் வேகம்தானே முக்கியம் என்று கேட்பீர்கள். வேகத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் விலையுயர்ந்த மோட்டார் வாங்க முடிந்தவர் வெல்வார். இணையத்தில் ஆயத்தப் படகை வாங்கி வண்ணம் பூசியவரும் வெல்வார். மாறாக, படகு பத்திரமாகச் சுமந்த எடையை அதன் வெற்றெடையால் வகுத்துப் பாருங்கள். 350 கிராம் படகு 250 கிராம் சுமந்தால் மதிப்பு 0.71. இந்த எண்ணைப் பணத்தால் உயர்த்துவது கடினம், சிந்தனையால் உயர்த்தலாம். சமையலறைத் தராசும் பழைய பெட்டியும் உள்ள மாணவர் யாரோடும் சமமாக நிற்கலாம். பள்ளிப் போட்டிகளில் இப்படிப் புள்ளி வழங்க வேண்டும் என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்றே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: ‘என் படகு இதைச் சுமக்கும்.’ ஏரியில் மிதக்கும் பிளாஸ்டிக் போத்தலாக இருக்கலாம், நீரின் வெப்பநிலையை அளக்கும் கருவியாக இருக்கலாம். அந்த வரிக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.