பிள்ளையின் கைக்கேற்ற பரிதிவட்டம்

ஹற்றனுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில், சென்ற வருடம் ஒரு மாலைப்பொழுதில், கொழுந்து நிறுக்கும் தராசில் பரிதிவட்டம் ஒன்றை வைத்து நிறுத்துப் பார்த்தோம். நானும், பக்கத்துப் பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டே விளையாட்டுக்கும் பொறுப்பாயிருக்கும் ஆசிரியர் ஒருவரும். கடைசிக் கொழுந்தும் நிறுத்து முடிந்திருந்தது. கணக்குப்பிள்ளை எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தராசு 1 கிலோ 950 கிராம் காட்டியது.

அது பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மூன்று மாதங்களாகப் பயிற்சி எடுத்த பரிதிவட்டம்.

அதற்கு முந்திய வாரந்தான் வலயமட்டப் போட்டியில் அவளைப் பார்த்திருந்தேன். நீண்ட கைகளும் நல்ல தோளும் உடையவள். வட்டத்துக்குள் அவள் சுழன்ற விதத்தைக் கண்டதும் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், "இந்தப் பிள்ளை மாகாணத்துக்குப் போகும்" என்றார். போகவில்லை. போட்டியில் அவளுக்குக் கொடுக்கப்பட்டது பெண்களுக்குரிய ஒரு கிலோ பரிதிவட்டம். இரண்டு கிலோவுக்குப் பழகிய கை அந்த ஒரு கிலோவை எப்போது விடுவது என்று அறியாமல் தடுமாறியது. முதல் இரண்டு வீச்சுகளும் எல்லைக்கு வெளியே போயின. மூன்றாவது, சோற்றுப்பானை மூடி உருண்டதைப்போல் ஆடியாடிப் போய் அருகிலேயே விழுந்தது.

"ஏன் சேர் இரண்டு கிலோவில் பழக்கினீர்கள்?" என்று ஆசிரியரிடம் கேட்டேன். இரண்டு காரணங்கள் சொன்னார். முதலாவது, பாடசாலையில் இருப்பது அது ஒன்றுதான். இரண்டாவது, கனமானதில் பழகினால் இலேசானதைச் சுலபமாக வீசலாம் என்பது.

முதற் காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது காரணத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அது அவருடைய தனிப்பட்ட கருத்தல்ல. எங்கள் மலையகப் பாடசாலைகளில் பலரும் நம்பிவரும் ஒன்று. நானும் நம்பியிருந்தேன்.

ஆண்களுக்கான பரிதிவட்டம் இரண்டு கிலோ நிறையும் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்டது. பெண்களுக்கானது ஒரு கிலோ, 18 சென்ரிமீற்றர். இருபது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1.75 கிலோ, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1.5 கிலோ என்பது சர்வதேச ஒழுங்கு. அதற்கும் இளையவர்களுக்கு 750 கிராமில்கூட வட்டங்கள் செய்கிறார்கள். குண்டும் ஈட்டியும் இவ்வாறே. ஆண்களின் ஈட்டி 800 கிராம், பெண்களுடையது 600, பதினெட்டுக்குட்பட்ட பெண்களுடையது 500. இந்த எண்களைச் சிறுபிள்ளைகளுக்குக் காட்டிய சலுகை என்று எண்ணிவிடக் கூடாது.

பரிதிவட்டத்தை நாம் உள்ளங்கையால் பற்றிப் பிடிப்பதில்லை. நான்கு விரல்களின் நுனிக் கணுக்கள் விளிம்பில் கொளுவி நிற்க, சுழற்சியின் வேகத்தாலேயே அது கையோடு ஒட்டி வருகிறது. கடைசியாகச் சுட்டுவிரலை உரசிக்கொண்டு வெளியேறும்போதுதான் அதற்குச் சுழல் கிடைக்கிறது. அந்தச் சுழல்தான் அதைக் காற்றில் சாயாமல் நிறுத்துகிறது. சிறிய கையில் பெரிய வட்டத்தைக் கொடுத்தால் விரல்கள் விளிம்பை எட்டாது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை மணிக்கட்டை மடித்துப் பிடிக்கும். மூன்று மாதங்களில் அது பழக்கமாகிவிடும். பிறகு சரியான வட்டம் கிடைத்தாலும் மணிக்கட்டு மடிந்தேதான் வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே நிறையுள்ள இரண்டு வட்டங்கள் ஒரேமாதிரிப் பறப்பதில்லை. நிறையின் பெரும்பகுதி உலோக விளிம்பில் இருந்தால், ஒருமுறை வேகமாகச் சுழலத் தொடங்கிய வட்டம் நெடுநேரம் நிலைத்துச் சுழலும். ஆனால் அதைச் சுழற்றிவிட வலுவும் கைப்பழக்கமும் வேண்டும். நடுப்பகுதியில் நிறை கூடிய வட்டத்தைப் புதியவர்கூட இலேசாகச் சுழற்றிவிடலாம். விளிம்பில் எழுபது சதவீத நிறை, எண்பது சதவீத நிறை என்று கணக்கிட்டு, வீசுபவரின் திறனுக்கேற்ப விற்கிறார்கள். தேர்ந்த வீரருக்கு ஏற்ற விலையுயர்ந்த வட்டத்தைப் புதிதாகப் பழகும் பிள்ளையிடம் கொடுத்தால் அது மலிவான வட்டத்தைவிடக் குறைந்த தூரமே போகும்.

இந்த விஷயம் என் மனதில் உறைத்தது ஒரு தொலைபேசி உரையாடலில். கனடாவில் வாழும் என் மைத்துனர் தம் மகனுக்கு 'டிஸ்க் கோல்ப்' தட்டு வாங்கப் போன கதையைச் சொன்னார். கோல்ப் போன்றதே அந்த விளையாட்டும். பந்துக்குப் பதில் பிளாஸ்ரிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் அதற்கு முறையான களம் அமைத்தார். தட்டுகள் பலவற்றில் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்குமாம்: எவ்வளவு வேகத்தில் வீசவேண்டும், எவ்வளவு மிதக்கும், தொடக்கத்தில் எப்பக்கம் திரும்பும், இறுதியில் எப்பக்கம் சாயும். மைத்துனரின் மகன் மிகக் கூடிய வேக எண் உள்ள தட்டையே கேட்டிருக்கிறான். கடைக்காரர் விற்க மறுத்து, "நீ இப்போது எவ்வளவு தூரம் வீசுவாய்?" என்று கேட்டாராம். அந்தத் தட்டுக்குரிய வேகத்தைக் கொடுக்க இயலாதவன் வீசினால் அது நேரே போகாமல் ஒரு பக்கமாய் வளைந்து சீக்கிரமே தரையில் விழுந்துவிடும். மெதுவாகப் பறக்கும் தட்டில் தொடங்கு, கை தேறிய பின் வா என்று அனுப்பிவிட்டார்.

விற்பனைக்காரர் ஒருவர் கேட்ட அந்தக் கேள்வியை எங்கள் பாடசாலைகளில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என்னிடமும் யாரும் கேட்டதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில், பதினாலு வயதில், இல்ல விளையாட்டுப் போட்டிக்காக என் கையிலும் ஓர் ஆண்கள் வட்டத்தைத் தந்தார்கள். மைதானம் என்பது தேயிலை மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். வீசுகின்ற திசையில் நிலம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் சரியக்கூடாது என்பது விதி. எங்கள் மைதானமோ பத்தடிக்கு ஓரடி சரியும். எல்லை தாண்டிய வட்டத்தைத் தேயிலைச் செடிகளுக்கிடையே தேடி எடுத்து வருவதற்குள் காலில் நாலு அட்டை. அன்று என் கையிலிருந்து வழுவிய வட்டம் பின்பக்கமாகப் பறந்து பாடசாலைக் குசினியின் தகரக் கூரையில் விழுந்தது. நல்ல வேளை, உள்ளே எவரும் இல்லை. "உனக்குப் பலமில்லை, போய் விவாதத்தில் சேர்" என்றார்கள். சேர்ந்தேன். அதனால் எனக்கு நட்டமில்லை. ஆனால் அன்று என்னோடு நின்ற நாலைந்து பேருக்கு விவாதமும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. தங்களுக்குப் பலமில்லை என்பதை மட்டும் படித்துக்கொண்டு போனார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமுமல்ல. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று அளவு விதிக்கப்படும்போது, மலை செழிப்பா வறட்சியா, பறிப்பவள் இருபது வயதுக்காரியா ஐம்பது வயதுக்காரியா என்று தராசு கேட்பதில்லை. குறைந்தால் அரைப்பேர். அளவுக்கு ஆளைப் பொருத்திப் பார்ப்பதும், பொருந்தாவிட்டால் ஆளைக் குறை சொல்வதும் எங்களுக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கின்றன.

கனமானதில் பழகுவது முற்றிலும் பிழை என்று நான் வாதிடவில்லை. உலகத் தரத்து வீரர்கள் போட்டி நிறையைவிடச் சற்றுக் கூடியதிலும் சற்றுக் குறைந்ததிலும் மாறிமாறிப் பழகுவதுண்டு. ஆனால் அவர்களிடம் நுட்பம் ஏற்கெனவே படிந்திருக்கிறது. அவர்கள் கூட்டும் நிறையும் சொற்பம். வளர்ந்து முடியாத தோளுக்கு இருமடங்கு நிறையைக் கொடுப்பதை எந்தப் பயிற்சி முறையும் ஏற்காது.

ஆளுக்காகக் கருவியை மாற்றுவது விளையாட்டின் மதிப்பைக் குறைக்கும் என்பாரும் உளர். 1984இல் கிழக்கு ஜேர்மனியின் ஊவே ஹோன் ஈட்டியை 104.80 மீற்றர் எறிந்தார். மைதானம் போதாது என்ற நிலை வந்தது. ஹோனின் கையைக் கட்டவா முடியும்? ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை நான்கு சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினார்கள். 1986 முதல் அதுவே ஆண்களின் ஈட்டி. உச்சியில் நிற்பவருக்காகக் கருவி மாறலாமென்றால் அடிவாரத்தில் நிற்கும் பிள்ளைக்காக ஏன் கூடாது?

காற்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று ஓட்டக்காரருக்கு வழி விடும். பரிதிவட்டத்துக்கோ தாங்கிப் பிடிக்கக் காற்று வேண்டும். எதிர்க்காற்று அடிக்கும் வெளியில் அது கூடிய தூரம் போவதும் இதனாலேயே. லித்துவேனியாவின் மிகோலஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் 75.56 மீற்றர் வீசி உலக சாதனை படைத்தது, காற்றுக்குப் பேர்போன ஒக்லஹோமாவின் ரமோனாவில். ஆகவே எங்கள் பிள்ளைகள் மலையில் வீசும் தூரத்தைப் பார்த்து, கீழ்நாட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவு என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

ஆசிரியர் மேல் குற்றம் இல்லை. அந்த இரண்டு கிலோ வட்டம் எப்படி வந்தது என்று விசாரித்தேன். சில வருடங்களுக்கு முன் கொடையாளர் ஒருவர் பாடசாலைக்கு விளையாட்டுப் பொருட்கள் வழங்கியபோது வந்திருக்கிறது. நல்ல மனதோடு கொடுத்திருக்கிறார். எந்த வயதுப் பிள்ளைகள், ஆண்களா பெண்களா என்று கடையிலும் கேட்கவில்லை, பாடசாலையிலும் சொல்லவில்லை. கையளிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தைத் தேர்ந்து பக்கத்தில் போட்டவன் நான்தான். வட்டத்தைத் தூக்கிப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்கள் விளிம்பை எட்டவில்லை என்பது இப்போது எடுத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

ஒவ்வொரு பாடசாலைக்கும் எல்லா நிறையிலும் வாங்கிக் கொடுக்கப் பணமில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கோட்டத்துக்கு ஒரு பெட்டி போதும். 750 கிராம், ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வட்டங்களும் அதற்கேற்ற குண்டும் ஈட்டியும் பாடசாலை பாடசாலையாகச் சுற்றிவரலாம். மைதானமில்லாத இடத்தில் ரப்பர் வட்டம் போதும். அதுவும் வராதவரை, நிறை தெரியாத வட்டத்தைத் தோட்டத்துத் தராசில் வைத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை. விட்டத்தை அளக்க ஓர் அடிமட்டம் போதும். கொடை கொடுக்க முன்வரும் பழைய மாணவர்கள் வாங்குவதற்கு முன் ஆசிரியரிடம் பிள்ளைகளின் வயதை ஒருதடவை கேட்டால் நல்லது. பத்திரிகைக்காரர்களும் கேட்கலாம்.

மடுவத்திலிருந்து திரும்பும் வழியில் அந்தப் பிள்ளையின் லயத்தைக் கடந்து வந்தோம். தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றாள். தோள்மூட்டில் வலி என்று தாய் சொன்னார். இனி அனுப்புவதாக இல்லை என்றும் சொன்னார். ஆசிரியர், "வட்டந்தான் பிழை, மகள், உன்னில் பிழையில்லை" என்றார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு கிலோ வட்டம் ஒன்றை வாங்கி இந்த வருடம் அனுப்பியிருக்கிறேன். அவளுடைய வகுப்புத் தோழிகள் இருவர் பழகுகிறார்களாம். அவள் மைதானத்தின் ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்று ஆசிரியர் சொன்னார்.