காத்திருக்கும் வருடம்

உயர்தரப் பரீட்சை எழுதியபின் பல்கலைக்கழகம் செல்லும்வரை நாம் ஒரு வருடத்திற்கும் மேல் காத்திருக்கிறோம். 1967 இல் தொடங்கப்பட்டு, ஸ்கொட்லாந்தின் கோல் தீவிலிருந்து இயங்கிய ‘புரொஜெக்ட் டிரஸ்ட்’, பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞர்களை ஒரு வருடத்திற்கு வெளிநாடுகளுக்கு அனுப்பியது. பலர் அங்குள்ள பாடசாலைகளில் கற்பித்தனர். கற்பிக்கப் போகிறவர் சமைக்கவும், பிறர் மொழி பேசவும், தனிமையைத் தாங்கவும் தாமே கற்றுத் திரும்புவார்.

ஆயினும் பயிற்சியில்லாத 18 வயதினர் ஆசிரியருக்கு உதவியாளராகவே இருக்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் படிப்பு எமது பரிசோதனைக்குரியதல்ல.

பெற்றோர்களே, மகளைக் கடல்கடந்து அனுப்பத் தயங்குவது நியாயமே. ஆனால் அந்த வருடத்தை வீட்டுக்குள் பூட்டிவிடாதீர்கள். முதலில் ஊர்ப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் ஆசிரியருக்கு உதவ எங்களை அனுப்புங்கள். அதற்கு விசாவும் தேவையில்லை.