பிள்ளை வலிக்குது என்று சொன்னால் நம்புங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வீணை, வயலின், கிடார் என்று ஏதாவது ஒரு கம்பி வாத்தியம் கற்கும் பிள்ளை இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்.

என் தங்கையின் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருஷமாக வீணை கற்கிறாள். கிரேடு தேர்வு வருகிறது என்று, தினமும் முக்கால் மணி நேரமாக இருந்த சாதகம் ஒரே வாரத்தில் மூன்று மணி நேரமாகிவிட்டது. லீவுக்குக் கடையம் வந்தவள், "ஆச்சி, மணிக்கட்டு வலிக்கி. காலைல டம்ளரைப் பிடிக்க முடியல" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வித்தைன்னா வலிக்கத்தான் செய்யும்ட்டி. பொறுத்துக்கோ." பாட்டு வகுப்பிலும் அவளுக்கு அதே பதில்தான் கிடைத்திருக்கிறது. அவள் அம்மா ஒரு படி மேலே போய், "எல்லாம் சோம்பல்" என்றாள். பத்து நாள் கழித்துப் பிள்ளை வீணைக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்று அழுதாள். பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழந்தையின் சங்கீதத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் தென்காசியில் ஒரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனோம். கட்டைவிரலை அசைக்கும் தசைநார், மணிக்கட்டில் உறைக்குள் உரசி வீங்கியிருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகும், இப்படியே வாசித்தால் நாள்பட்டுப் போகும் என்றார். வீணை பழுது பார்ப்பவரிடமும் காட்டினோம். மெழுகு இறங்கி மெட்டுகள் சமமில்லாமல் இருந்தன. கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் நின்றது. பிள்ளை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வேண்டியதைவிட அதிகமாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கமகத்துக்குக் கம்பியை இழுக்கும்போது கேட்கவே வேண்டாம். மேளம் கட்டிக் கம்பியைச் சரிசெய்ததும் பாதிப் பாரம் குறைந்தது. சோம்பல் என்று நாங்கள் சொன்னதற்கு மருந்து ஒரு உருண்டை மெழுகில் இருந்தது!

"அந்தக் காலத்தில் பத்து மணி நேரம் சாதகம் பண்ணவில்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். பண்ணினார்கள். குருவின் வீட்டிலேயே இருந்து, அவர் கண்முன்னே உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பு போய்விட்டுத் தேர்வுக்கு முந்தின மாதம் மட்டும் கையை ஒடித்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, பத்து மணி நேரம் வாசித்து வித்வான் ஆனவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். கை போய் வீணையைப் பரணில் ஏற்றியவர்களின் பெயரை எந்த சபா நோட்டீஸில் அச்சடித்தார்கள்?

மரபு, மரபு என்கிறோம். மரபு என்ன செய்தது என்று பார்ப்போமே. நமக்குப் பக்கத்து எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி. வெள்ளைக்காரர் அதைத் தாடையில் இடுக்கி வாசித்தார்கள். நம்மவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொண்டார்கள். இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை போனது. கமகத்துக்குத் தாராளமாக வழுக்கிப் போக வழி கிடைத்தது. காரைக்குடி சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார், தம்பி சாம்பசிவ ஐயர் படுக்கையாக வைத்து வாசித்தார். ஒரே மேடையில் இரண்டு விதம். வாத்தியத்தை மனிதனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டதுதான் நம் மரபு. பிள்ளையின் கையை ஒடித்து வாத்தியத்துக்குப் பொருத்துவது மரபு இல்லை.

நம் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். ராத்திரி வெகுநேரம் வீசுகோல் ஓடும். ஆனால் நடுநடுவே பாட்டை நிறுத்திக் கதை சொல்வார்கள், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். கைக்கு ஓய்வு அந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது.

இனி கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. வலி இரண்டு வகை. விரல் நுனித் தோல் எரிவது ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும், காய்ப்புக் காய்த்ததும் போய்விடும். மணிக்கட்டு, முழங்கை, தோள் வலிப்பதும், விரல் மரத்துப்போவதும், ஊசி குத்துவது போல இருப்பதும், ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதும் வேறு வகை. அது எச்சரிக்கை மணி. அன்றைக்கே வாத்தியத்தைக் கீழே வையுங்கள்.

2. நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து கையை உதறி ஐந்து நிமிஷம் நடக்கட்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள். அதுவும் அதே கட்டைவிரலுக்கு வேலைதான்.

3. எடுத்ததும் துரிதகாலம் வேண்டாம். விளம்பத்தில் சரளி, ஜண்டை வாசித்துக் கை சூடான பிறகு மற்றது.

4. தோள் காதை நோக்கி ஏறுகிறதா, மணிக்கட்டு மடிந்தே இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். வயலினில் முக்கால், அரை அளவெல்லாம் உண்டு. "வளர்ந்தபின் சரியாகும்" என்று சின்னக் கைக்குப் பெரிய வயலின் வாங்காதீர்கள்.

5. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்க விடாதீர்கள். மாத்திரை வலியைத்தான் மறைக்கும். வீங்கின கையைப் பிடித்துச் சுளுக்கு எடுக்கவும் வேண்டாம். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் குறையவில்லை என்றாலோ, மரத்துப்போனாலோ மருத்துவரிடம் போங்கள்.

6. என் வயதில் ஆசைப்பட்டு வீணை எடுக்கும் பெண்களுக்கு: சர்க்கரை நோயும் தைராய்டும் இருந்தால் விரல் மரத்துப்போவது அதிகம். முதலில் அதைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு மன்னிப்பு. முப்பத்துநான்கு வருஷம் வகுப்பில் நின்றேன். "டீச்சர், கை வலிக்கு" என்று சொன்ன எத்தனை பேரிடம், "அப்படியா? இன்னும் ஐம்பது தடவை எழுது" என்று சொல்லியிருப்பேன்! ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள்தான் நான். படித்தது எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் அப்படி எழுதினவர்கள் இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதையே திருப்பிச் செய்யாதீர்கள்.

பேத்தி இந்த வருஷம் தேர்வு எழுதவில்லை. எழுதாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இப்போது தினமும் பதினைந்து நிமிஷம் வாசிக்கிறாள். நேற்று போனில் மாயாமாளவகௌளையில் ஒரு ஜண்டை வரிசை வாசித்துக் காட்டிவிட்டு, "ஆச்சி, வலிக்கல" என்றாள். எனக்கு அது போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், கடையம்