கூடுதல் பவர் வேண்டாம், போன பவர் போதும்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய ஸ்விஃப்ட் டீசலோடு வரும் தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, ரீமேப் பண்ணா பவர் ஏறுமா?” (ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது.)

ஏறும். கம்பெனி கொடுத்த 75 குதிரைத்திறனைத் தாண்டி இழுக்கும். பிறகு கிளட்ச் தேயும், டர்போ சூடாகும், கரும்புகை கக்கும்.

அதனால் வண்டி இழந்த பவரைத் தேடி, நான் முதலில் பானட்டைத் திறந்து இன்டர்கூலர் ஹோஸை வெளியே தடவிப் பார்ப்பேன். விரலில் ஆயில் பிசுக்கு ஒட்டினால், கிளாம்ப் தளர்ந்தோ ஹோஸ் வெடித்தோ காற்று கசிகிறது என்று அர்த்தம். கரும்பு வெட்டுக் காலத்தில் ஏர் ஃபில்டரைத் தட்டினால் பாதி ஊர்ப் புழுதி கொட்டும். இரண்டையும் சரிசெய்தாலே பல வண்டிகள் கல்வராயன் மலை ஏறிவிடும்.

ரீமேப்பில் சட்டச் சிக்கலும் உண்டு. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம்; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ரீமேப்புக்கு வைத்த காசில் நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்கள், தம்பிகளா.