ஓரகடத்தின் கேமராக்களுக்கு 'எது குறை' என்று சொல்லிக்கொடுப்பது யார்?

ஷிப்ட் மாறும் நேரம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஓரகடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வரும். நடுவே கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, ராங் சைடில் வரும் பைக், சாலையோர மண்ணில் இறங்கி ஓவர்டேக் செய்யும் வேன், எதைப் பற்றியும் கவலைப்படாமல் நிற்கும் மாடு. தினமும் இந்த வழியாக வண்டி ஓட்டுபவருக்கு இது எல்லாமே ஒரே பார்வையில் புரிந்துவிடும். காரில் பொருத்திய கேமராவுக்குப் புரியுமா?

யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் புரியும். இல்லையென்றால் மாடு வெறும் பழுப்பு நிறத் திட்டு, அவ்ளோதான்.

அப்படிச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் பெயர் இமேஜ் அனோட்டேஷன். ஏஐ பற்றிய பேச்சில் இந்தப் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால், ஸ்ரீபெரும்புதூர் – ஓரகடம் தொழிற்சாலைகளில் அடுத்த சில ஆண்டுகளில் யாருடைய வேலைக்கு மதிப்பு கூடும், யாருடைய வேலை காணாமல் போகும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அனோட்டேஷன் என்றால் என்ன?

ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று மனிதர் ஒருவர் குறித்துவைப்பதுதான் அனோட்டேஷன். இதில் மூன்று நிலைகள் உண்டு. முழுப் படத்துக்கும் 'ஆட்டோ' என்று ஒரே லேபிள் கொடுப்பது சுலபமான வேலை. ஆட்டோவைச் சுற்றிச் செவ்வகம் வரைவது அடுத்த நிலை. ஆட்டோவின் விளிம்பைப் பிக்சல் பிக்சலாகப் பிரித்து, 'இது வண்டி, இது சாலை, இது மண்' என்று எல்லை போடுவதுதான் கடினமானது.

எவ்வளவு கடினம்? 2016ல் ஜெர்மனியிலிருந்து வெளியான 'சிட்டிஸ்கேப்ஸ்' என்ற டேட்டாசெட், தானியங்கி கார் ஆராய்ச்சியில் இன்றும் பெரிய பெயர். 50 நகரங்களின் சாலைகளில் எடுத்த 5,000 படங்களுக்கு அதில் நுணுக்கமாக எல்லை போட்டிருக்கிறார்கள். ஒரு படத்துக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மொத்தமாகக் கணக்குப் போட்டால் 7,500 மணி நேரம். ஒரே ஆள் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒருநாள்கூட லீவு எடுக்காமல் செய்தாலும் இரண்டரை ஆண்டுகள் ஆகும்.

அந்த ஐரோப்பிய சாலைகளைப் பார்த்துப் பழகிய மாடலுக்கு ஆட்டோ என்றால் என்னவென்றே தெரியாது. அதன் பட்டியலில் அப்படி ஒரு லேபிள் கிடையாது. இந்த இடைவெளியை நிரப்ப ஐஐஐடி ஹைதராபாத்தும் இன்டெல்லும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா டிரைவிங் டேட்டாசெட்'. ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் சுற்றுப்புறச் சாலைகளில் 182 பயணங்கள், சுமார் 10,000 படங்கள், 34 வகை லேபிள்கள். ஆட்டோவுக்கும் விலங்குக்கும் தனி லேபிள் உண்டு. தார் சாலையை ஒட்டி வண்டி இறங்கி ஓடக்கூடிய மண் பகுதிக்கும் ஒரு லேபிள் வைத்தார்கள். நம்ம ஊர் ரோட்டில் சாலை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஏற்றுக்கொண்ட இடம் அது.

எந்த லேபிள் வேண்டும் என்று முடிவு செய்வதற்கே அந்த இடம் தெரிந்த ஆள் வேண்டும். இந்த விஷயம் சாலையைவிட அதன் இருபுறமும் உள்ள தொழிற்சாலைகளில் இன்னும் முக்கியம்.

புள்ளி ஒன்று, பதில் மூன்று

ஒரு கார் பெயின்ட் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். கதவின் மேல் சின்னதாக ஒரு புள்ளி. அது மேலே ஒட்டிய தூசி என்றால் துடைத்துவிட்டு அனுப்பலாம். பெயின்ட்டுக்கு அடியில் சிக்கிய தூசி என்றால் ரீவொர்க். வெறும் விளக்கின் பிரதிபலிப்பு என்றால் ஒன்றுமே இல்லை. அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சம் விழும் கோணத்தை மாற்றிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் விரலால் தடவுவார். சில நொடிகளில் 'ஓகே' அல்லது 'என்ஜி' என்று முடிவு வந்துவிடும்.

இந்த அறிவு முழுவதும் மேனுவலில் இருக்காது. லைன் பக்கத்தில் மாட்டியிருக்கும் லிமிட் சாம்பிளில் பாதி இருக்கும். மீதி, பல வருட ஷிப்ட்டுகளில் கண்ணும் கையும் சேர்ந்து கற்றது.

இப்போது அதே கதவின் போட்டோ, தொழிற்சாலையையே பார்த்திராத ஒருவரின் திரைக்குப் போகிறது. அவரால் தடவிப் பார்க்க முடியாது, கோணத்தை மாற்ற முடியாது. புள்ளி தெரிகிறது, செவ்வகம் போடுகிறார். அவர் மேல் தப்பில்லை. அவரிடம் கொடுத்த தகவல் அவ்வளவுதான். ஆனால், அந்த லேபிளில் படித்த கேமரா தூசிக்கும் பிரதிபலிப்புக்கும் அலாரம் அடிக்க ஆரம்பித்தால் லைனில் உள்ளவர்கள் அதை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். உண்மையான குறையை விட்டுவிட்டால், அது வாடிக்கையாளர் வீட்டு வாசலில்தான் தெரியவரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல தொழிற்சாலையில் குறை அரிது. எனவே குறையுள்ள படங்களும் குறைவு. 2019ல் ஜெர்மனியின் எம்விடெக் நிறுவனம் வெளியிட்ட டேட்டாசெட் இதற்கு ஒரு வழி காட்டியது. 15 வகைப் பொருட்களின் 5,354 படங்கள் அதில் உள்ளன. பயிற்சிக்குக் குறையில்லாத படங்கள் மட்டுமே. 'நல்லது எப்படி இருக்கும்' என்று கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகுவதை மாடல் பிடிக்க வேண்டும். அப்போது லேபிள் போடும் வேலை மிச்சம்தானே என்று தோணலாம். 'இது நல்லது' என்று சொல்வதும் ஒரு லேபிள்தான். அதைச் சொல்லவும் அதே இன்ஸ்பெக்டர் வேண்டும்.

லட்சம் படங்களில் ஒன்றைத் தேடுவது எப்படி?

லைனில் கேமரா வந்துவிட்டால் படங்கள் மலைபோல் குவியும். ஒருநாள் புகார் ஒன்று வருகிறது: குறிப்பிட்ட பாகத்தில் வெல்டிங் பக்கத்தில் வித்தியாசமான ஒரு கோடு. இதே மாதிரி முன்பு வந்திருக்கிறதா? எந்த ஷிப்ட்டில், எந்த மெஷினில்? தேதியும் பார்ட் நம்பரும் வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். 'அந்த மாதிரி கோடு' என்று எதை டைப் செய்வது?

கணினிக்குத் தெரிவது நிறமும் வடிவமும். மனிதருக்கு வேண்டியது அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் படத் தேடல் ஆராய்ச்சியில் 'அர்த்த இடைவெளி' என்பார்கள். இதைக் கடக்க ஆராய்ச்சியாளர்கள் பிடித்த வழி எளிமையானது: தேடுபவரையே கூடச் சேர்த்துக்கொள்வது. முதல் முயற்சியில் கணினி 20 படம் காட்டும். 'இது சரி, இது இல்லை' என்று தேடுபவர் தட்டிவிடுவார். அதை வைத்துக் கணினி மறுபடி தேடும். எழுத்துத் தேடலில் 1960களிலேயே இருந்த இந்த முறையை, 1998ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் யோங் ருய், தாமஸ் ஹுவாங் குழு படத் தேடலில் விரிவாகப் பயன்படுத்திக் காட்டியது.

2021ல் ஓபன்ஏஐ வெளியிட்ட 'கிளிப்' மாடல் பெரிய பாய்ச்சல். இணையத்திலிருந்து எடுத்த 40 கோடி படம் – வாசக ஜோடிகளில் படித்தது. வார்த்தையில் சொன்னால் படத்தைத் தேடித் தரும். ஆனால், இணையத்தில் கடற்கரை போட்டோவுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் பஞ்சமில்லை. ஓரகடத்தின் ஒரு லைனில், ஒரு மெஷினில் மட்டும் விழும் கோட்டுக்கு அங்கே யாரும் கேப்ஷன் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

2012 முதல் ஆண்டுதோறும் நடக்கும் 'வீடியோ பிரவுசர் ஷோடவுன்' போட்டியும் இதையே சோதிக்கிறது. பிரம்மாண்டமான வீடியோ தொகுப்பிலிருந்து, சொல்லப்பட்ட சில நொடிக் காட்சியைச் சில நிமிடங்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சாஃப்ட்வேர் முன்னால் மனிதர் உட்கார்ந்துதான் தேடுகிறார். நல்ல கருவியும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் சேர்ந்துதான் ஜெயிக்கிறார்கள்.

தவறான லேபிள் என்ன செய்யும்?

'லேபிள்தானே, யார் போட்டால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு முடிவு. ஏஐ ஆராய்ச்சியில் மிக அதிகமாகப் பயன்படும் 10 டேட்டாசெட்களின் சோதனைப் பகுதிகளை 2021ல் எம்ஐடியைச் சேர்ந்த கர்டிஸ் நார்த்கட் குழு அலசியது. சராசரியாகக் குறைந்தது 3.3% லேபிள்கள் தவறு. புகழ்பெற்ற இமேஜ்நெட்டில் குறைந்தது 6%. கேள்வித்தாளுக்கான விடைக்குறிப்பே தப்பாக இருந்த கதை.

தொழிற்சாலைக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. இரண்டு பேர் ஒரே 100 பாகங்களைப் பார்த்து 90 தடவை ஒரே பதில் சொன்னால் நல்ல விஷயமாகத் தெரியும். ஆனால், இருவருமே 100ல் 95 பாகங்களை ஓகே செய்யும் பழக்கம் உள்ளவர்கள் என்றால், பார்க்காமலேயே சொன்னாலும் ஏறத்தாழ 90 தடவை பதில் ஒத்துப்போகும். இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்க ஜேக்கப் கோஹன் 1960லேயே 'கப்பா' என்ற அளவைக் கொடுத்துவிட்டார். லேபிள் போட்ட வேலையை வாங்கும் நிறுவனங்கள் கேட்க வேண்டிய முதல் எண் அது.

இந்த வேலை யார் கையில்?

தமிழ்நாட்டுக்கு அனோட்டேஷன் புதிதில்லை. ஐஐடி மெட்ராஸ் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ, சேலத்தில் மையம் வைத்திருக்கும் நெக்ஸ்ட்வெல்த் போன்ற நிறுவனங்கள் சிறு நகரங்களில் இந்த வேலையைச் செய்கின்றன. சொந்த ஊரை விட்டு வர முடியாத பல பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு. கரூரில் ஆப்ஜெக்ட்வேஸ் நிறுவன ஊழியர்கள் தலையில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடித்ததும் 2025ல் செய்தியானது. ரோபோக்களுக்குக் கை அசைவைக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் அவை.

இன்று துண்டு. நாளை அசெம்ப்ளி லைனில் ஸ்க்ரூ முடுக்கும் கை. அப்போது படம்பிடிக்கப்படுவது தொழிலாளியின் திறமை. அதற்குத் தனிக் கூலி உண்டா? வீடியோ யாருக்குச் சொந்தம்? கான்ட்ராக்ட் முடிந்து அவர் போன பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். குறையுள்ள பாகத்தைத் தேட வைத்த அதே வசதியால், 'யார் எத்தனை முறை இடத்தை விட்டு எழுந்தார்' என்பதையும் தேடலாம்.

கேமராவே வேண்டாம் என்பது இதற்குப் பதிலாகாது. எட்டு மணி நேரம் பளபளக்கும் தகட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு ஓய்வு தேவை. மெஷின் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்வது நல்லதுதான். ஆனால், சில விஷயங்களை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, எது ஓகே, எது என்ஜி என்ற விதிமுறையை லைனில் நிற்பவர்களுடன் உட்கார்ந்து, அவர்கள் பேசும் தமிழிலேயே எழுத வேண்டும். இரண்டாவது, லேபிள் போடும் நேரம் வேலை நேரமாகவும், அந்தத் திறமை சம்பளத்தில் தெரிவதாகவும் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு 'ஒரு அரை மணி நேரம் உட்காருங்க' என்பது கூடாது. மூன்றாவது, கேமரா சொன்னது தப்பு என்று ஆபரேட்டர் திருத்தினால் அது அவர் பெயரில் பதிவாக வேண்டும். நான்காவது, பாகத்தைப் பார்க்க வைத்த கேமராவை ஆளைப் பார்க்கப் பயன்படுத்த மாட்டோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. 2022ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக, ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் குறை கண்டறிதலையும் அனோட்டேஷனையும் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம். குறையைக் கையால் தொட்டுப் பார்த்தவரே லேபிளும் போட்டால், கேமராவும் சரியாகக் கற்றுக்கொள்ளும், அவருக்கும் அடுத்த வேலை கிடைக்கும்.

இன்று பெயின்ட் ஷாப்பில் தலையைச் சாய்த்துப் பார்க்கும் இன்ஸ்பெக்டர், நாளை அந்தக் கேமராவின் ஆசிரியராக இருக்கலாம். கேமரா வந்த மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பவராகவும் இருக்கலாம். எது நடக்கும் என்பதைத் தொழில்நுட்பம் முடிவு செய்யாது. லேபிள் போட யாரைக் கூப்பிடுகிறார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும்.